எட்டாவது மாடிக்கு ஒரு வலை

மோன்டெவிதேயோ
மார்ச் 6, 1993

அன்புள்ள சுல்மா அக்காவுக்கு,

உன் தம்பி எல்பியோ எழுதுகிறேன். நானும் மிர்த்தாவும் மூன்று குட்டிப் பிசாசுகளும் சுகம். சால்தோவில் வெயில் தணிந்ததா? உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? லாரித் தார்ப்பாய் தைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றால் கேட்க மாட்டாய். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. கரைச்சாலையில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு எழும்புகிறது. எனக்குச் சென்ட்ரிங் வேலை. பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகியதும் பிரித்து அடுத்த மாடிக்கு ஏற்ற வேண்டும். இப்போது நான்காவது மாடியில் நிற்கிறோம். காற்றுதான் பேய்க் காற்று. தெற்கிலிருந்து அடித்தால் பேசுகிற வார்த்தை வாயைவிட்டு வெளியே வராது.

போன வாரம் ஒரு வேடிக்கை. சாரத்தில் நடந்துபோகும்போது பலகையின் ஒரு முனை தூக்கிக்கொண்டது. ஓரத்தில் கைப்பிடியும் கிடையாதே, நான் சாரத்தின் முட்டுக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். என் இடது ஷூ மட்டும் கீழே போய்விட்டது. தெருமுனையில் பூ விற்கிற அம்மாள் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, “யாருப்பா இது, எனக்குப் பூந்தொட்டி அனுப்புனது?” என்று கத்தினாள். சைட்டே சிரித்தது. மேஸ்திரி எவரிஸ்தோ லார்ரோசா மட்டும் சிரிக்கவில்லை. “காலு இருக்குல்ல? அப்ப வேலையப் பாரு” என்றார். பாறை மாதிரி ஆள். ஆனால் வேலை தெரிந்தவர்.

நீ ஒன்றும் கவலைப்படாதே. ஷூ திரும்பக் கிடைத்துவிட்டது.

முத்தங்களுடன்,
எல்பியோ


சால்தோ
மார்ச் 15, 1993

மேஸ்திரி எவரிஸ்தோ லார்ரோசா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் சென்ட்ரிங் வேலை பார்க்கும் எல்பியோ தெச்சேராவின் அக்கா நான். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான்காவது மாடியில் உங்கள் சாரத்தில் பலகைகளைக் கட்டவில்லை. ஓரத்தில் கைப்பிடிக் கம்பி இல்லை. இதைத் தம்பி புகாராகச் சொல்லவில்லை. சிரிப்புக் கதையாக எழுதியிருக்கிறான். அவன் எதையும் அப்படித்தான் சொல்வான். படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் லாரித் தார்ப்பாய் தைக்கிறவள். ஒரு மூட்டை கோதுமை நனையக் கூடாது என்பதற்காக நாள் முழுக்க ஊசி குத்துகிறேன். ஓரத்தில் ஒரு கம்பி கட்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் எழுதியது அவனுக்குத் தெரியாது. இதற்காக அவனை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள் என்று தெரிந்தால், இரவு பஸ்ஸைப் பிடித்து நேரில் வருவேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரியது.

இப்படிக்கு,
சுல்மா தெச்சேரா


மோன்டெவிதேயோ
மார்ச் 24, 1993

திருமதி சுல்மா தெச்சேரா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். வீட்டார் என்று யாரும் இல்லை. மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆயின. ஒரு கிழட்டு நாய் உண்டு. அதுவும் சுகம்.

தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்வது: நான் பதினாறு வயதிலிருந்து சாரத்தில் நிற்கிறேன். என் சைட்டில் இதுவரை ஒரு ஆள்கூடச் செத்ததில்லை. கைப்பிடி இருந்தால் ஆட்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு மாத்தே டீ உறிஞ்சுவார்கள். கைப்பிடி இல்லாவிட்டால் பயந்து கவனமாக நடப்பார்கள். இது என் அனுபவம்.

தார்ப்பாய் பற்றித் தாங்கள் சொல்வதை நான் கேட்டுக்கொள்வேன். கட்டடம் பற்றி நான் சொல்வதைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தங்கள் தம்பியை ஒன்றும் சொல்லவில்லை.

பணிவுடன்,
எ. லார்ரோசா


சால்தோ
ஏப்ரல் 2, 1993

மேஸ்திரி லார்ரோசா அவர்களுக்கு,

சுகம். முதலில் ஒரு திருத்தம். நான் திருமதி இல்லை. வெறும் சுல்மா.

உங்கள் சைட்டில் ஒரு ஆளும் செத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அப்பா வேலை பார்த்த இடத்திலும் யாரும் செத்ததில்லை. அரிசி ஆலைக்குச் சேமிப்புக் கோபுரம் கட்டினார்கள். அப்பா மேலே வட்டமாக ஓடும் பலகையில் நின்று பூசிக்கொண்டிருந்தார். அதிலும் கைப்பிடி இல்லை. பழகின கால், பயந்து கவனமாக நடக்கிற கால்தான். விழுந்தார். சாகவில்லை. அதனால் ஒப்பந்தக்காரர் உங்களைப் போலவே அதற்கப்புறமும் தலை நிமிர்ந்து, என் வேலையில் ஒரு ஆளும் செத்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று எல்பியோவுக்கு ஏழு வயது. எனக்குப் பதினெட்டு. அப்பா படுத்த கட்டிலிலிருந்து எழவேயில்லை. அம்மா வேலைக்குப் போனாள். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க, குளிப்பாட்ட, ஊட்டிவிட நான் இருந்தேன். அவர் நல்ல மனிதர். கட்டிலில் கிடந்தபடியே எங்களைச் சிரிக்க வைப்பார். எல்பியோவின் சிரிப்பெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அப்பா கண்ணை மூடியபோது என் தோழிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

செத்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள், மேஸ்திரி. எனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுல்மா


மோன்டெவிதேயோ
ஜூன் 5, 1993

அக்கா,

எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் சளி. மிர்த்தா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இங்கே ஒரு அதிசயம் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பாறை மேஸ்திரிக்கு ஏதோ ஆகிவிட்டது! ஈஸ்டர் முடிந்து வேலைக்குப் போனால், ஏழு மணிக்கே மேலே நின்று தானே கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார். நான்கு பக்கமும் கைப்பிடி. சாரப்பலகை ஒவ்வொன்றுக்கும் முடிச்சு. லிஃப்ட் குழிக்கு முன்னால் ஒரு பழைய கதவுதான் சாய்த்திருந்தது, தெரியுமா? உனக்கு அதை எழுதவில்லை. இப்போது ஒவ்வொரு மாடியிலும் அந்தக் குழியைப் பலகை அடித்து மூடிவிட்டார். வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து பாதுகாப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். கம்பி கட்டுகிற நெப்போ, “மேஸ்திரி, கூசுது” என்றான். “கூசட்டும். கூசுறவன் உயிரோட இருக்கான்” என்கிறார்.

இது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை! ஆட்களெல்லாம், “கிழவருக்கு எந்தச் சாமி கண்ணுல தெரிஞ்சுச்சு?” என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

சைட்டுக்கு ஒரு பாதுகாப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சங்கத்திலிருந்து வந்து சொன்னார்கள். எல்லோரும் ஒரே குரலாக என் பெயரைச் சொன்னார்கள். “ஏண்டா நானு?” என்றேன். “அடிக்கடி விழுறவனுக்குத்தான் தரையப் பத்தி நல்லாத் தெரியும்” என்கிறான் நெப்போ. வேடிக்கைக்குச் செய்தார்கள். நானும் வேடிக்கைக்கு ஒப்புக்கொண்டேன். ஆனால் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தெச்சேரா, இது வேடிக்கை இல்ல. எட்டாவது மாடிக்கு மேல வலை இல்லாம நான் ஆளை ஏத்த மாட்டேன். என்கூட ஆபீஸுக்கு வருவியா?” என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போனோம். நிர்வாகி கேட்கவில்லை. அடுத்த கட்டடத்தில் பார்க்கலாம் என்றார்.

இன்னொன்று. நேற்று மாத்தே குடிக்கும்போது மேஸ்திரி திடீரென்று, “உங்க அக்கா ஊசியில நூல் கோக்கக் கண்ணாடி போடுவாங்களா?” என்று கேட்டார். என்ன கேள்வி இது? போடுவார் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பாவம், வயதாகிறது.

எல்பியோ


மோன்டெவிதேயோ
ஜூன் 19, 1993

மதிப்புக்குரிய சுல்மா அவர்களுக்கு,

நான் சுகம். தங்கள் முழங்கை வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் தம்பி சொல்லித் தெரிந்தது. நான் எதுவும் விசாரிக்கவில்லை.

ஏப்ரலில் வந்த கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் எதுவும் சரியாக வரவில்லை. எனக்குக் கட்டத்தான் தெரியும். அதனால் கட்டினேன். தம்பி எழுதியிருப்பார்.

இப்போது எழுதுவது ஒரு தொழில் சந்தேகத்துக்காக. ஓரங்களில் காற்றுக்கு மறைப்பாகத் துணி கட்டினோம். தெற்குக் காற்று ஒரே ராத்திரியில் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டது. ஓடுகிற லாரியில் தார்ப்பாய் எப்படிக் கிழியாமல் நிற்கிறது என்று தாங்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மழையாக இருக்கிறது. வேலை இல்லை. மழைக்கு மாவு பிசைந்து ரொட்டி பொரித்தேன். நாய்கூடச் சாப்பிடவில்லை.

பணிவுடன்,
எவரிஸ்தோ லார்ரோசா


சால்தோ
ஜூன் 28, 1993

எவரிஸ்தோ அவர்களுக்கு,

சுகம். முழங்கை அப்படியேதான் இருக்கிறது. விசாரிக்காததற்கு நன்றி.

தார்ப்பாய் கிழிவதற்குக் காரணம் காற்று இல்லை. காற்றுக்குப் போக வழி விடாததுதான். பிறை வடிவத்தில் துணியில் ஆங்காங்கே வெட்டி, ஓரம் மடித்துத் தையுங்கள். காற்று அந்த மடலைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்து போய்விடும், துணி கிழியாமல் நிற்கும். ஓரத்தை இரண்டாக மடிக்காதீர்கள், மூன்றாக மடியுங்கள். நடுவில் கயிறு ஓட வேண்டும். கயிற்றை விறைப்பாகக் கட்டக் கூடாது. பிடிவாதக்கார மனிதர்களையும் துணியையும் கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும் என்று எங்கள் கடை முதலாளி சொல்வார். அவர் சொன்னது என்னைப் பற்றி.

மாதிரிக்கு ஒரு துண்டு தைத்து பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். அதோடு ஆரஞ்சு ஜாம் ஒரு பாட்டில். இங்கே பழம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது, அதனால்தான். வேறு ஒன்றுமில்லை. மாவில் கொழுப்பைச் சூடாக இருக்கும்போது சேர்த்தீர்களா, ஆறவைத்துச் சேர்த்தீர்களா? சூடாகச் சேர்க்க வேண்டும். நாயிடம் இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள்.

வலை விஷயம் தம்பி எழுதினான். அடுத்த கட்டடத்தில் வேறு ஆட்கள் இருப்பார்கள். இந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள்தான் இப்போது மேலே நிற்கிறார்கள். இதை நிர்வாகியிடம் யாராவது சொன்னீர்களா?

கவனமாக இருங்கள்.

சுல்மா


மோன்டெவிதேயோ
ஜூலை 24, 1993

சுல்மா அவர்களுக்கு,

சுகம். ஜாம் தீர்ந்துவிட்டது. மறைப்புத் துணி கிழியவில்லை. ரொட்டியை நாய் சாப்பிட்டது.

நீங்கள் கேட்ட கேள்வியை நான் நிர்வாகியிடம் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது மாடி முடிந்தது. எட்டாவதற்குச் சாரம் ஏற்ற வேண்டிய திங்கட்கிழமை காலையில் நான் ஆட்களிடம், “வலை வர்ற வரைக்கும் மேல வேலை இல்ல. கீழ எவ்வளவோ வேலை கிடக்கு. அதைப் பாப்போம்” என்றேன். உங்கள் தம்பி எல்லோருக்கும் முன்னால் வந்து ஆபீஸைப் பார்த்து நின்றார். நான் அவரை விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்திருந்தேன். “மேஸ்திரிய வேலைய விட்டுத் தூக்குனா எங்களையும் தூக்கணும். தூக்குங்க, ஆனா வலை போட்டுத் தூக்குங்க” என்றார்.

நிர்வாகி பதினொரு மணிக்கு வந்தார். டை, பளபளப்பான ஷூ. “லார்ரோசா, என்ன கூத்து இது? இத்தனை வருஷம் வலை வேணும்னு உமக்குத் தோணலையே?” என்றார். தோன்றியிருக்க வேண்டும், இப்போது தோன்றிவிட்டது என்றேன். அப்போது எல்பியோ மிகவும் மரியாதையாக, “சார், ஒரு தடவ மேல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பெல்ட்டு நானே மாட்டி விடுறேன்” என்றார். அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மேலே கூட்டிப் போனோம். அன்று நல்ல காற்று. ஓரத்துக்கு வந்ததும் அவருடைய டை பறந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கக் கையை விட வேண்டும். கையை விட அவருக்கு மனம் வரவில்லை. கைப்பிடியை ஒரு கையாலும் எல்பியோவின் சட்டையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தில் டையோடு நின்றார். எல்பியோ, “சார், இங்கதான் நாங்க ரெண்டு கையாலயும் சுத்தியல் பிடிப்போம்” என்றார். டைக்குள்ளிருந்து, “எறக்குங்கப்பா” என்று சத்தம் வந்தது.

வலை வியாழக்கிழமை வந்தது. பச்சை நிறம். கட்டடத்தைச் சுற்றிக் கட்டி, மணல் மூட்டையைப் போட்டுச் சோதித்தோம். மூட்டை விழுந்து, துள்ளி, நின்றது. ஆட்கள் கோல் போட்டது போலக் கத்தினார்கள். பூக்கார அம்மாள் கீழே நின்று கைதட்டினாள். நான் அந்தச் சமயத்தில் சால்தோவை நினைத்துக்கொண்டேன்.

என்னைத் தூக்கவில்லை. தூக்கினாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அன்புடன்,
எவரிஸ்தோ


சால்தோ
ஆகஸ்ட் 3, 1993

எவரிஸ்தோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தையல் கடையில் சத்தமாகப் படித்தேன். டை வரும் இடத்தில் முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை. அதை வீட்டில் போய்ப் படித்துக்கொண்டேன்.

தம்பி முன்னால் வந்து நின்றான் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் அப்பாவுக்கு அதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். நல்ல அழுகை.

இன்னும் இரண்டு பாட்டில் ஜாம் அனுப்புகிறேன். ஒன்று பூக்கார அம்மாளுக்கு. குளிர் அதிகமாக இருக்குமே, கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். துணி இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள்.

சுல்மா


மோன்டெவிதேயோ
அக்டோபர் 9, 1993

அக்கா,

எல்லோரும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லப்போகிற கதை அப்படி.

பத்தாவது மாடியில் பொருள் ஏற்றுவதற்காக ஒரு பக்கம் கைப்பிடியைக் கழற்றியிருந்தோம். ஒரு பெரிய பிளைவுட் பலகை கோணலாகக் கிடந்தது. மேஸ்திரி, எங்களையெல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அதைத் தானே தூக்கினார். பெல்ட்டை ஒரு கம்பியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டப் போன நேரம். காற்று வந்தது பார், பலகை பாய்மரம் மாதிரி விரிந்து, கிழவரை அப்படியே ஓரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டது.

நான் ஓரத்துக்கு ஓடினேன் அக்கா. குனிந்து பார்த்தால், கீழே பச்சை வலையில் மீன் மாதிரி மல்லாந்து ஆடிக்கொண்டிருக்கிறார்! பலகை தனியாக, ஆள் தனியாக. கழுத்தைச் சுற்றி ஒரு நீலத் துணி எப்போதும் கட்டியிருப்பார்; அது முகத்துக்கு மேல் கிடக்கிறது. “மேஸ்திரி! இருக்கீங்களா?” என்று கத்தினேன். “கழுத வயசாச்சு, இருக்கேன்! பலகை உடைஞ்சுதா பாரு!” என்றார். நாங்கள் எல்லோரும் அழுதோம், சிரித்தோம், என்ன செய்தோம் என்றே தெரியவில்லை. விலா எலும்பில் ஒரு கன்றல், அவ்வளவுதான். மருத்துவர் ஒரு வாரம் ஓய்வு என்றார்.

இனிதான் வேடிக்கை. விழும்போது அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார். மாதாவை அல்ல. “சுல்மா!” என்று. பத்து மாடிக்கும் கேட்டது. வலையிலிருந்து இழுத்து எடுக்கும்போதே நெப்போ, “யாரு மேஸ்திரி சுல்மா? நாயோட பேரா?” என்று கேட்டான். கிழவர் செங்கல் நிறத்துக்குச் சிவந்துவிட்டார். நான் உதவி செய்வதாக நினைத்து, “எங்க அக்கா பேருகூட சுல்மாதான், மேஸ்திரி!” என்றேன். யாரும் சிரிக்கவில்லை அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார்.

ராத்திரி மிர்த்தாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “உங்க வீட்டுல மூளைய எல்லாம் உங்க அக்காவுக்கே கொடுத்துட்டாங்களா?” என்கிறாள்.

அந்த நீலத் துணியின் ஓரம் மூன்றாக மடித்துத் தைத்திருக்கிறது. அப்படி மடிக்கிற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்.

உடனே பதில் போடு.

எல்பியோ


சால்தோ
அக்டோபர் 14, 1993

எவரிஸ்தோ,

சுகமா என்று கேட்க மாட்டேன். தம்பி எழுதிவிட்டான்.

எல்லோருடைய பெல்ட்டையும் இழுத்துப் பார்க்கிறவர் தன் பெல்ட்டைக் கழற்றுவாரா? ஒரு கொக்கியைக் கழற்றுவதற்கு முன்னால் இன்னொன்றை மாட்ட வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? இரண்டு கொக்கி வைத்த பெல்ட் கடைகளில் விற்பதில்லையா? வலை இல்லாமல் இருந்தால்? மார்ச் மாதமாக இருந்திருந்தால்?

நான் நன்றாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் இளமை முழுக்க ஒரு மனிதரைக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைத்தேன். அன்போடுதான் செய்தேன். இன்னொரு தடவை செய்ய மாட்டேன். எனக்கு நடக்கிற மனிதர் வேண்டும். என்னோடு ஆற்றங்கரை வரை நடந்து போய், திரும்பி நடந்து வருகிற மனிதர்.

கோபத்தில் எழுதுகிறேன். கிழிக்காமல் தபாலில் போட்டுவிடுவேன்.

விலாவுக்குக் கீழே தலையணை வைத்துப் படுங்கள்.

சுல்மா


மோன்டெவிதேயோ
அக்டோபர் 23, 1993

சுல்மா,

நடக்கிறேன். இன்று கரைச்சாலையில் கலங்கரை விளக்கம் வரை நடந்து, திரும்பி வந்தேன். நாயும் வந்தது.

இரண்டு கொக்கி பெல்ட் வாங்கியாயிற்று. எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். உங்கள் தம்பி நிர்வாகியின் அறைக்குப் போனார். அவர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுபடி மேலே கூப்பிடுவார்களோ என்று பயம்.

டிசம்பர் நான்காம் தேதி மேல் தளம் போடுகிறோம். தளம் போட்டு முடிந்ததும் உச்சியில் பச்சைக் கிளை நட்டு, கீழே எல்லோருக்கும் இறைச்சி சுடுவோம். வழக்கம்தான். எல்பியோதான் அடுப்புக்குப் பொறுப்பு.

நீங்கள் வர வேண்டும். மற்றதைக் கடிதத்தில் கேட்க எனக்கு வராது. நேரில் கேட்கிறேன்.

உங்கள்,
எவரிஸ்தோ


சால்தோ
டிசம்பர் 12, 1993

அன்புள்ள தம்பி எல்பியோவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். மிர்த்தாவுக்கும் குட்டிப் பிசாசுகளுக்கும் முத்தம். நீ சுட்ட விலாக்கறியின் மணம் இன்னும் என் தலைமுடியில் இருக்கிறது.

பஸ் நிலையம் வரும் வழியெல்லாம், “அவரு என்ன கேட்டாரு? நீ என்ன சொன்ன?” என்று நச்சரித்தாய். உன் மாமியார் பக்கத்திலேயே இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

மேல் தளம் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். எனக்கு ஹெல்மெட் மாட்டினார். என் முடிக்கு அது உட்காரவில்லை, வாரைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தார். எனக்கும் கூசியது. மேலே போனதும் ஒரு பக்கம் ஊர் முழுக்க, ஒரு பக்கம் தண்ணீர் முழுக்க. அப்பா எதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்திருப்பார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதைப் பற்றி நம்மிடம் சொன்னதேயில்லை. அழகாக இருந்தது எல்பியோ. இவ்வளவு அழகான இடத்திலிருந்து யாரும் விழக் கூடாது.

பச்சைக் கிளைக்குப் பக்கத்தில் நின்று அவர் ஏதோ சொன்னார். காற்று கொண்டுபோய்விட்டது. “கேக்கல!” என்றேன். இன்னொரு தடவை சொன்னார். நிஜமாகவே கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லுங்க!” என்றேன். அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, சாரத்துக்கு ஆள் கூப்பிடுகிற குரலில், “என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டேன், சுல்மா!” என்று கத்தினார். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றுவிட்டது.

கீழ் மாடியில் இருந்த நெப்போவும் மற்றவர்களும் வாளியிலும் கம்பியிலும் தட்ட ஆரம்பித்தார்கள். நீ தரையில் அடுப்புப் பக்கம் இருந்தாய். அவர்களுக்குப் பசி என்று நினைத்து, “இருங்கடா, இன்னும் வேகல!” என்று கத்தினாயே, அந்தச் சத்தம் அதற்குத்தான். அப்புறம் நீ கேட்டபோது, “உங்க அக்காவையே கேளு” என்று எல்லோரும் சேர்ந்து உன்னை ஏய்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் என்றால், மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு படியிறங்கி வந்தேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, “இது நான் கட்டின கைப்பிடி, இது நான் மூடின குழி” என்று காட்டினார். அவ்வளவு நேரமும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம். கீழே உன் அடுப்புக்கு வந்தோம். நீ இரண்டு தட்டு நீட்டினாய். நான் ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் வாங்கி, அதில் இரண்டு பேருக்கும் கறி வைக்கச் சொன்னேன். அவர் பார்த்தார். புரிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

நீ என்னடா என்றால், “ஏங்க்கா, தட்டு அழுக்கா இருக்கா?” என்று கேட்டாய்.

உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்,
அக்கா சுல்மா